மனை நலம்: கிருமியைக் கொல்லும் சோப்பு நமக்கு வேண்டுமா?

நம் சங்கத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: “வீட்டில் கைக்குழந்தை ஒன்றும், இழுப்பு நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்கள். ஆகையால் கிருமிகளைக் கொல்லும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் சோப்பையே கை கழுவவும் குளிக்கவும் வாங்கி வருகிறேன். மற்றச் சோப்பைவிட விலை கூடுதல்தான். ஆனால் அதில் சேர்க்கும் மருந்து உடம்புக்கு ஆகாது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். தொடர்ந்து வாங்கலாமா, விட்டுவிடலாமா?”

இக்கேள்வியை வேறு நேயர் சிலரும் பல வகையாகக் கேட்டிருக்கின்றனர். ஆதலின் இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

பிறந்த ஊரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் பாட்டியோ அத்தையோ அடுத்த வீட்டுப் பெரியம்மாளோ ஓடிவருவர். ஊர் விட்டு ஊர் வந்து, மொழி வேறுபட்ட நகரத்தில், அடுக்கு வீட்டின் இரண்டு அறைகளில் குடித்தனம் நடத்தும் தாய்க்கு அந்தத் துணை இல்லை. கணவர் அலுவலகம் சென்றபின் குழந்தையின் காய்ச்சலோடு அவள் தனித்து நிற்கிறாள். நோய் வாராமற் காக்க வேண்டுமென்ற கவலை அவளுக்குப் பன்மடங்கு பெருகுவது இயல்பே. விற்பனையாளர் விளம்பரம் செய்யும்போது அவள் மனத்திலுள்ள இந்தக் கவலையைக் குறி வைத்தே பேசுகின்றனர். அச்சத்தினால் வாங்குவதா, அறிந்து வாங்குவதா என்பதே நம்முன் உள்ள வினா.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். நல்ல உடல்நிலையில் உள்ளோர் வாழும் இல்லத்தில் அன்றாடம் கை கழுவச் சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். அதனோடு கூடுதலாகச் சேர்க்கப்படும் மருந்தினால் நோய் குறைகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அம்மருந்துகளுள் சிலவற்றைப் பற்றி அறிஞர்கள் கொண்டுள்ள ஐயமோ காரணமுடையது. இம்முடிவுக்கு வந்த வழியை இனிக் காண்போம்.

மருத்துவமனையும் மனையும்

கிருமிநாசினிகளை இகழ்வது நம் நோக்கமன்று. அவை மனித குலத்துக்குச் செய்த நன்மை பெரிது. வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் 1846-ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர் பணிபுரிந்த பேறுகாலப் பிரிவில் நூறு தாய்மாருக்குப் பதினொருவர் வீதம் இறந்தனர். பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஊகித்து, 1847-இல் குளோரின் கலந்த சுண்ண நீரில் கைகளைக் கழுவுமாறு ஆணையிட்டார். 1848-இல் அச்சாவு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைப் புண்ணுக்கு மருந்தாக்கி 1867-இல் தம் முறையை வெளியிட்டார். அதன் பயனாகக் கையும் காலும் உயிரும் பிழைத்தோர் எண்ணிறந்தோர்.

ஆனால் அதே லிஸ்டர், அறுவை அறையின் காற்றிலெல்லாம் கார்பாலிக் நீரைத் தெளிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்து, பிற்காலத்தில் அது வேண்டாததென்று தாமே கைவிட்டார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். திறந்த புண்ணுக்கும் அறுவை மேசைக்கும் தேவையான கடுமை, எங்கும் எப்போதும் தேவையன்று. மருத்துவமனையில் நோயுற்றோரும் வலிவிழந்தோரும் நெருங்கிக் கிடக்கின்றனர். ஒருவரைத் தொட்ட கை அடுத்த நொடியில் மற்றொருவரின் புண்ணைத் தொடுகிறது. நம் சமையலறையின் நிலை அதுவன்று.

சோப்பு செய்யும் வேலை

சோப்பு என்பது எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துச் செய்வது. அதன் நுண்ணிய துகள் ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை எண்ணெய்ப் பசையை விரும்பும். நம் கையிலுள்ள அழுக்கும் கிருமியும் தோலின் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெறும் நீர் அப்பசையைக் கரைக்காது. சோப்பின் ஒரு முனை பசையைப் பற்றிக்கொள்ள, மறுமுனை நீரோடு இழுக்க, கைகளைத் தேய்க்கும் விசையால் எல்லாம் பெயர்ந்து சாக்கடைக்குப் போய்விடுகின்றன. கொழுப்பு உறை போர்த்திய சில வைரஸ்களின் உறையைச் சோப்பு குலைத்தும் விடுகிறது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் உலகெங்கும் மருத்துவர்கள் சாதாரண சோப்பால் கை கழுவச் சொன்னது இதனால்தான்.

கிருமியைக் கையிலேயே கொன்றால் என்ன, கழுவி அனுப்பிவிட்டால் என்ன? குழந்தையின் வாய்க்குள் அது போகாதிருப்பதே வேண்டுவது. தேய்ப்பும் நீரும் நேரமும் அந்த வேலையைச் செய்கின்றன.

கராச்சியில் நடந்த சோதனை

இவ்வாறு கூறுவது வெறும் ஊகமன்று. நம் நாட்டுக் குடியிருப்புகளை ஒத்த ஓரிடத்திலேயே இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். பாகிஸ்தானில் கராச்சி நகரின் ஏழை மக்கள் வாழும் குடிசைப் பகுதிகளில், ஸ்டீபன் லூபி என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினர். சில குடியிருப்புகளுக்குச் சாதாரண சோப்பைத் தந்து, கை கழுவும் முறையைக் கற்பித்தனர். வேறு சிலவற்றுக்கு ட்ரைக்ளோகார்பான் என்ற கிருமிக்கொல்லி சேர்ந்த சோப்பைத் தந்து, அதே முறையைக் கற்பித்தனர். மற்றும் சில குடியிருப்புகள் தம் பழைய வழக்கத்திலேயே விடப்பட்டன. ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் நோய்களைக் குறித்து வந்தனர்.

2005-இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. சோப்பால் கை கழுவப் பழகிய வீடுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோரிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடும், தோலில் வரும் சிரங்கு 34 விழுக்காடும் குறைந்திருந்தன. மருந்துச் சோப்பைப் பெற்ற வீடுகளுக்கும் சாதாரண சோப்பைப் பெற்ற வீடுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை!

இச்செய்தியை நேயர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம். ஒரு குழந்தையின் உயிரைக் காக்கத்தக்க அத்துணைப் பெரிய நன்மை, மலிவான சோப்பிலும் தாயின் பழக்கத்திலுமே இருந்தது. கூடுதல் மருந்துக்கு அதில் பங்கு இல்லை.

நியூயார்க் நகரில் 238 குடும்பங்களில் 48 வாரம் நடந்த மற்றோர் ஆய்வும் 2004-இல் இதே முடிவைத் தந்தது. கிருமிக்கொல்லி சேர்ந்த சோப்பும் துப்புரவுப் பொருள்களும் பெற்ற வீடுகளில், மற்ற வீடுகளைவிடச் சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ குறையவில்லை. இதிலும் வியப்பில்லை. சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருவன. இம்மருந்துகளோ பாக்டீரியாவை நோக்கியே செய்யப்பட்டவை.

பாக்டீரியாவையாவது அவை கொல்லாவோ என்று கேட்கலாம். கொல்லும், ஆனால் நேரம் வேண்டும். தென்கொரிய அறிஞர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனையில், ட்ரைக்ளோசான் என்ற மருந்து 0.3 விழுக்காடு கலந்த சோப்பையும் கலவாத சோப்பையும் இருபது வகைப் பாக்டீரியாக்கள்மீது சோதித்தனர். இருபது விநாடியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒன்பது மணி நேரம் ஊறிய பின்னரே மருந்தின் ஆற்றல் புலப்பட்டது. ஒன்பது மணி நேரம் கை கழுவிக்கொண்டிருப்பார் உலகில் யார்?

முன்னர் வந்து மறைந்த ஒரு மருந்து

பயன் இல்லாவிடினும் தீங்கும் இல்லையென்றால், போகட்டும் என்று விட்டுவிடலாம். தீங்கு உண்டா என்று பார்க்குமுன், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வது தகும்.

கடந்த நூற்றாண்டின் நடுவில் இம்மருந்து சோப்பிலும் முகப்பூச்சிலும் குழந்தைப் பவுடரிலும் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளையே இதனால் நீராட்டினர். பிறகு, இது தோலின் வழியே உடலுக்குள் புகுந்து மூளையைத் தாக்கவல்லது என்பது தெரியவந்தது. 1972-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் செய்யப்பட்ட ஒரு குழந்தைப் பவுடரில், தவறுதலாக இம்மருந்து ஆறு விழுக்காட்டுக்கு மேல் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் நஞ்சுக்கு ஆளாயினர்; அவர்களுள் 36 குழந்தைகள் மாண்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசும் இம்மருந்தை மருத்துவர் சீட்டின்றி விற்பதைக் கடுமையாக வரையறுத்தது.

இவ்வரலாறு இன்றைய சோப்புகள் எல்லாம் நஞ்சு என்று அஞ்சுவதற்கன்று. அன்று நடந்தது அளவு மீறிய பிழை. ஆனால் ‘தோலின்மேல் பூசுவதுதானே, உள்ளே போகாது’ என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை அது காட்டிவிட்டது.

ட்ரைக்ளோசான் பற்றிய ஐயங்கள்

அதே 1972-ஆம் ஆண்டையொட்டி, அறுவை மருத்துவர் கை கழுவும் திரவத்தில் ட்ரைக்ளோசான் இடம் பெறத் தொடங்கியது. பின்னர் மெல்ல மெல்ல மருத்துவமனையை விட்டு வெளியேறி, கை சோப்பு, பற்பசை, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு, காய்கறி நறுக்கும் பலகை, காலுறை, விளையாட்டுப் பொம்மை என்று எங்கும் புகுந்தது. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசினர் 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது, நால்வரில் மூவரிடம் இம்மருந்தின் சுவடு இருந்தது. சுவடு இருப்பதே நோயாகிவிடாது. எனினும் எலி, தவளை முதலிய உயிர்களில் நடந்த சோதனைகளில் இம்மருந்து தைராய்டு முதலிய ஹார்மோன்களின் ஒழுங்கைக் கெடுப்பது தெரிந்திருக்கிறது. மனிதருக்கும் அவ்வாறே நேரும் என்று உறுதி செய்யப்படவில்லை. ஆனால் கைக்குழந்தை முதல் கருவுற்ற பெண் வரை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் பொருளுக்கு ‘உறுதி இல்லை’ என்பது போதுமான நற்சான்று ஆகுமா?

இதனினும் பெரிய கவலை ஒன்று உண்டு. தொடக்கத்தில் ட்ரைக்ளோசான் கிருமியைப் பொதுவாகச் சிதைத்துவிடுகிறது என்றும், ஆகவே கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ள இயலாது என்றும் கருதினர். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவியும் அவருடைய தோழர்களும் 1998-இல் இக்கருத்தை மாற்றினர். கிருமி தன் கொழுப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் ஒரு குறிப்பிட்ட நொதியையே இம்மருந்து தாக்குகிறது என்று அவர்கள் காட்டினர். ஒரே இலக்கைத் தாக்கும் மருந்தென்றால், அவ்விலக்கைச் சற்றே மாற்றிக்கொண்ட கிருமி தப்பிவிடும். நோய் தீர்க்கும் மருந்துகள் பல பயனிழந்து வருவதும் இத்தகைய மாற்றங்களாலேதான்.

காசநோய்க் கிருமிக்கும் இத்தகைய நொதி ஒன்று உண்டு. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து தாக்குவது அதனையே. காசக் கிருமியின் நெருங்கிய உறவான மற்றொரு கிருமியை ஆய்வுக்கூடத்தில் ட்ரைக்ளோசானில் வளர்த்தபோது, பிழைத்தெழுந்தவற்றுள் சில ஐசோனியசிட்டுக்கும் அடங்காதவையாய் இருந்தன.

ஐசோனியசிட் நம் தமிழகத்தோடு தொடர்புடைய மருந்து. 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளியை நெடுநாள் மருத்துவ விடுதியில் அடைத்து வைக்காமல், ஐசோனியசிட்டும் உடன் மற்றொரு மருந்தும் தந்து வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959-இல் மெய்ப்பித்து உலகத்துக்கு வழி காட்டியது. உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவிலேயே இருக்கின்றனர். கை சோப்பினால் எவருக்காவது அடங்காக் காசநோய் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. அவ்வாறு நாம் சொல்லவும் இல்லை. ஆயினும் உயிர் காக்கும் மருந்தின் கூர்மையை மழுக்கக்கூடிய ஒன்றை, பயனே இல்லாத இடத்தில், கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் சாக்கடைக்கு அனுப்புவது அறிவுடைமையன்று.

சாக்கடை ஆற்றுக்குத்தான் செல்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய நம் ஆறுகளின் நீரில் ட்ரைக்ளோசான் கலந்திருப்பதைக் கண்டறிந்தது. எவ்வூரில் வாழ்ந்தாலும் தாமிரபரணி என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சம் குளிரும் நேயர்கள் நம்முள் பலர். அந்நீரிலும் குளியலறை மருந்து ஓடுகிறது என்பது வருந்தத்தக்க செய்தி.

அரசுகளின் முடிவு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்பொருள்கள் பற்றிய விதியை 1978-இலேயே வரைந்தது. ஆனால் அது முடிவு பெறாமல் நெடுங்காலம் கிடந்தது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 2010-இல் வழக்குத் தொடுத்த பின்னரே வேலை விரைந்தது. ‘உங்கள் சோப்பு சாதாரண சோப்பைவிட மேலானது என்பதையும், நெடுநாள் அன்றாட உபயோகத்துக்குத் தீங்கற்றது என்பதையும் காட்டுங்கள்’ என்று 2013-இல் உற்பத்தியாளரைக் கேட்டனர். போதிய சான்று வரவில்லை. 2016 செப்டம்பரில், ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பான் உள்ளிட்ட 19 மருந்துகளைப் பொதுமக்களுக்கான கை, உடல் கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாதென்று ஆணை பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாண்டிலேயே, மனிதர் உடல் தூய்மைக்கான கிருமிநாசினி என்ற வகையில் ட்ரைக்ளோசானுக்கு இசைவளிக்க மறுத்தது. 2017-இல் இருநூறுக்கு மேற்பட்ட அறிஞரும் மருத்துவரும் கையொப்பமிட்ட ‘ஃப்ளாரன்ஸ் அறிக்கை’, இவ்விரு மருந்துகளையும் மெய்யான தேவை இருந்தாலன்றிச் சேர்க்க வேண்டாமென வேண்டியது.

நடுநிலை பிறழாதிருக்க மூன்று செய்திகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, அமெரிக்க ஆணை மருத்துவமனைச் சோப்புகளையோ, சாராயம் கலந்த கைத்துடைப்புத் திரவத்தையோ தொடவில்லை. இரண்டாவது, பென்சால்கோனியம் குளோரைடு, பென்செத்தோனியம் குளோரைடு, குளோராக்ஸிலினால் என்ற மூன்று மருந்துகளைப் பற்றிய தீர்ப்பை, மேலும் ஆராய அவகாசம் தந்து, 2016-இல் ஒத்தி வைத்தனர். மூன்றாவது, ட்ரைக்ளோசான் கலந்த பற்பசை ஈறு வீக்கத்தைக் குறைத்தது என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. பயன் காட்டிய இடத்தில் அதற்கு இசைவு இருந்தது. காட்டாத இடத்தில் மறுக்கப்பட்டது. இதுவே முறையும் ஆகும்.

அந்த ஆணை நம் நகரத்துக் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அட்டையைப் படித்துப் பார்ப்பது நம் பொறுப்பாகிறது.

இதனினும் விரைந்து வரும் ஆபத்து

மேற்சொன்னவை மெல்லச் செயற்படும் ஐயங்கள். ஒரு நொடியில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க பிழை ஒன்று நம் குளியலறைகளில் நடந்துவருகிறது. தரை மிகவும் சுத்தமாக வேண்டும் என்ற எண்ணத்தில், பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்து ஊற்றுவோர் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் இப்ரே போர்க்களத்தில் படை வீரரைக் கொல்ல ஏவிய வாயு இதுவே. சன்னல் சிறிதான அடுக்கு வீட்டுக் குளியலறையில் அது நிறைந்தால், இழுப்பு நோயுள்ளோர் என்ன ஆவர் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த இரண்டு துப்புரவுப் பொருளையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. ஒன்றை நன்றாக நீர்விட்டு அலசிய பின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும்.

தென்கொரியாவில் நடந்ததும் ஒரு பாடம். அங்கே குளிர்காலத்தில் அறைக் காற்றை ஈரப்படுத்தும் கருவியின் நீரில் ஊற்றுவதற்கென்று, 1994 முதல் கிருமிநாசினி விற்கப்பட்டது. துப்புரவுக்குப் பயன்பட்ட பொருள், நுண்திவலையாய் மூச்சில் கலந்தபோது நுரையீரலை இறுக்கிவிட்டது. 2011-இல் உண்மை வெளிப்படுமுன் தாய்மாரும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். குழந்தையின் நலத்துக்கென்றே அதை வாங்கி ஊற்றிய பெற்றோரின் துயரத்தை என்னென்பது! தொடுவதற்கு ஏற்றது மூச்சுக்கு ஏற்றதாகிவிடாது.

நம் நாட்டிலும் 2020 மார்ச்சு இறுதியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் சாலையோரம் உட்கார வைத்து, பிளீச்சிங் வகை மருந்து நீரை அவர்கள்மேல் பீய்ச்சினர். அடுத்த திங்களில் திருப்பூரில் மக்கள் நடந்து செல்லும் மருந்துத் தெளிப்புச் சுரங்கம் அமைக்கப்பட்டது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்மீது இவ்வாறு தெளிப்பது உடலுக்கும் மனத்துக்கும் கேடு என்றும், பரிந்துரைக்கத்தக்கதன்று என்றும் அறிவித்தது. பிழைப்பு நாடி வேற்றூர் சென்ற எளியோரே முதலில் அதற்கு ஆளாயினர் என்பதை, வேற்றூரில் வாழும் நாம் மறத்தல் இயலாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. கை கழுவும் வேளைகளே முதன்மையானவை. கழிப்பறை சென்று வந்தபின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபின், சமைக்குமுன், உண்ணுமுன், குழந்தைக்கு ஊட்டுமுன், வெளியே சென்று திரும்பியபின். இவ்வேளைகள் தவறினால் எந்தச் சோப்பும் உதவாது.

2. இருபது விநாடி தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், புறங்கை ஆகியன வழக்கமாக விடுபடும் இடங்கள். கழுவிய கையை அழுக்குத் துணியில் துடைத்தல் கூடாது.

3. சோப்பு வாங்குகையில் அட்டையின் பின்புறத்திலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பான் என்ற பெயர்கள் இருந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சும் பணத்துக்கு இன்னொரு சாதாரண சோப்புக் கட்டி வாங்கி, கழிப்பறை அருகில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக வைத்தால், அது மருந்தைவிட மிகுந்த பயன் தரும்.

4. கைக்குழந்தையின் குளியல் நீரில் மருத்துவர் சொல்லாமல் கிருமிநாசினித் திரவம் ஊற்ற வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியது. அதன் எடையை நோக்கத் தோலின் பரப்பும் மிகுதி. எழுதிக் கேட்ட சகோதரி, தம் மாமியாரைப் பினாயில், பிளீச்சிங் பவுடர் முதலியவற்றின் நெடி படாமல் வேறறையில் அமரச் செய்து, சன்னலைத் திறந்து வைத்தபின் தரை கழுவுதல் நல்லது.

5. புண்ணுக்கோ, நோயாளியின் வாந்தி, மலம் பட்ட இடத்துக்கோ கிருமிநாசினி வேண்டியிருக்கும். அப்போது புட்டியில் சொல்லியுள்ள அளவு நீர் கலந்தே பயன்படுத்துக. மருந்து கூடினால் நன்மை கூடாது, தோல்தான் வேகும். வீட்டில் புற்றுநோய் மருத்துவம் பெறுவோரோ, அறுவை செய்துகொண்டு திரும்பியோரோ இருந்தால், மருத்துவர் சொல்லும் முறையே முறை. இக்கட்டுரையை அதற்கு மாறாகக் கொள்ளற்க.

6. ‘இயற்கை’ என்று எழுதிய பொருளெல்லாம் தீங்கற்றது என்று எண்ணவும் வேண்டாம். பயற்றமாவும் சீயக்காயும் உடம்பு தேய்த்துக் குளிக்க நல்லவை. ஆனால் மண்ணால் கை தேய்ப்பது புழுமுட்டையைத் தேடிக்கொள்வதாக முடியலாம்.

7. துப்புரவுத் திரவங்களைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் அறவே கூடாது. இங்கு விற்கும் புட்டிகளில் ஆங்கிலமும் இந்தியுமே காணப்படுகின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் நம் தாய்க்கும் தந்தைக்கும் அவை விளங்கா. ஒரு துண்டுத் தாளில் ‘நஞ்சு: குடிக்கக் கூடாது’, ‘ஆசிட்: எதனோடும் கலக்கக் கூடாது’ என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளைக் கொண்டே அதை எழுதச் செய்தால், ஒரு வேலையில் இரண்டு நன்மை.

முடிவாக நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நூற்றுக்கணக்கானோர் பந்தியில் அமர்ந்து கையால் உண்கிறோம். கை கழுவும் தொட்டியருகில் பல வேளைகளில் தண்ணீர் மட்டுமே இருக்கிறது. வரும் விழா முதல், ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு சாதாரண சோப்புக் கட்டி இருக்கும்படி செயற்குழுவினர் ஏற்பாடு செய்யக் கோருகிறோம். மொத்தச் செலவு ஒரு பந்தியின் பாயசச் செலவுக்கும் வாராது.

அடுத்த திங்கள், வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டுவனவும் வேண்டாதனவும் பற்றி எழுதுவோம். நேயர்கள் தம் ஐயங்களைச் சங்க முகவரிக்கு எழுதியனுப்பலாம்.